பையை எங்கே வைப்பது?

போன ஐப்பசி மழையில் ஒரு சாமியாரின் பை பதினோரு நாள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஊரே உள்ளே வந்துவிட்டது. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பட்டா நகல், காலேஜ் புராஜெக்ட் என்று ஓடிக்கொண்டிருக்கும் கடையில் வாரத்துக்கு நாலைந்து காவி வேட்டிகளும் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் ஆதார் அட்டை லேமினேஷன். அட்டை மழையில் ஊறி, மடித்த இடத்தில் விட்டுப்போய் இரண்டு துண்டாகவே வரும். சேர்த்து வைத்துச் சூடு கொடுத்துத் தருவேன். முகவரியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போய்விடும். கடப்பா, தாவணகெரே, பரமக்குடி, ஆரணி. எல்லாவற்றிலும் கதவு எண் உண்டு, தெருப் பெயர் உண்டு, பின்கோடு உண்டு. அந்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்களோ.

பைக்காரர் அப்படி வந்தவர்தான். எழுபது வயதிருக்கும். தெற்குச் சீமைப் பேச்சு. வலது கால் பெருவிரலில் சர்க்கரைப் புண். துணி சுற்றி, அதன்மேல் பாலிதீன் கவரைக் கட்டியிருந்தார். கட்டுப் போட்டுவிட்ட டாக்டர், “இனிமே இது இங்கே ஆகாது, பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்துடுங்க” என்று சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்ததாம்.

“ஏன் சாமி போகலை?” என்று கேட்டேன். அண்ணாமலையான் பார்த்துக்கொள்வான் என்கிற மாதிரி ஒரு பதிலைத்தான் எதிர்பார்த்தேன்.

“பையை எங்கிட்டு வச்சிட்டுப் போறது தம்பி?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருஷமாக இந்த ஊரில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்திருக்கிறேன், பௌர்ணமிக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

சோற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் இந்த ஊரைக் குறை சொல்ல முடியாது. கோயிலில் இப்போது முழுநாள் அன்னதானம். ரமணாசிரம வாசலில் காலை பத்து, பத்தரைக்குக் காவி வரிசை நிற்கும். எவர்சில்வர் தூக்கு, திருவோடு, காதறுந்த பெயின்ட் டப்பா; ஒருவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்கூடப் பார்த்திருக்கிறேன். உள்ளே பந்தி போடுவதற்கு முன்னால் இவர்களுக்குப் போட்டாக வேண்டும் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், யோகி ராம்சுரத்குமார் ஆசிரமம், கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரிலும் உள்ள மடங்கள் என்று எங்காவது அண்டா அடுப்பில் இருக்கும். தீபத் திருவிழாவில் அன்னதானம் போட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, குறித்த இடத்தில்தான் போட வேண்டும் என்கிற அளவுக்குப் போடுகிறவர்களின் கூட்டம். நம்ம பைக்காரர் சொன்னார்: “பௌர்ணமிக்கு ஏழு பேர் புளியோதரை குடுப்பாங்க தம்பி. எட்டாவது பொட்டலத்தை நாய்க்கு வைப்பேன். அதுவும் மோந்து பார்த்துட்டுப் போயிரும்.”

பௌர்ணமி முடிந்த ஐந்தாம் நாள் அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

இந்த ஊர் கும்பிடுகிற பெரியவர்களில் பலர் வீடில்லாமல் கிடந்தவர்கள். படத்துக்கு மாலை போடும்போது இது நமக்கு மறந்துவிடுகிறது.

1896 செப்டம்பர் 1 அன்று ரயிலிலிருந்து இறங்கிய வேங்கடராமனுக்கு, பின்னாளில் பகவான் ரமணர் ஆனவருக்கு, அப்போது பதினாறு வயது. மதுரையில் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி வந்த பையன். கையில் மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, தலையை மழித்துக்கொண்டு, வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டு ஆயிரங்கால் மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். இன்றைக்கு அப்படி ஒரு பையன் வந்தால் ரயில்வே ஸ்டேஷனிலேயே பிடித்து 1098-க்கு போன் போட்டுவிடுவார்கள். மறுநாள் அம்மா வந்து கூட்டிப் போயிருப்பார். சட்டப்படி அதுதான் சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பையன் இப்படிக் கிளம்பினால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அவர் அதற்குத் தப்பிப் பாதாள லிங்கச் சந்நிதிக்குள் போனார். அங்கே தொடையைப் பூச்சிகள் அரித்துச் சீழ் வைத்தது. தெரியாமல் உட்கார்ந்திருந்தவரைச் சேஷாத்ரி சுவாமிகள் காவல் காத்தார். அவரையும் அந்தப் பையன்கள் பைத்தியம் என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சிலர் சேர்ந்து தூக்கி வெளியே கொண்டு வந்தார்கள். இதற்கப்புறம் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அம்மன் சந்நிதியில் இருந்த ஒரு மௌன சாமியார், அபிஷேகம் ஆகி வழிந்த பாலைப் பிடித்து இவருக்குக் கொடுத்துவந்தார். பால், தண்ணீர், மஞ்சள், சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்து ஓடிவருவது. ஒருநாள் அதைப் பார்த்த குருக்களுக்கு மனசு கேட்கவில்லை. நாளையிலிருந்து நல்ல பாலாகவே தனியாக எடுத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை. கோயில் நடக்கிற முறை ஒரு டம்ளர் அளவுக்கு மாறியது, அவ்வளவுதான்.

பிறகு அவரே தெருவில் பிச்சைக்குப் போனார். வாசலில் நின்று கையைத் தட்டுவார்; கையில் வாங்கிக் கையிலேயே சாப்பிடுவார். மலைமேல் விரூபாட்சக் குகையில் இருந்த காலத்தில் கூட இருந்தவர்கள் ஊருக்குள் இறங்கிப் பாடிக்கொண்டே பிச்சை எடுத்து வருவார்கள். அவர்கள் பாடுவதற்காக எழுதப்பட்டதுதான் அட்சரமணமாலை. வந்த சோற்றை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, போதாவிட்டால் வெந்நீர் ஊற்றிக் கலந்து, ஆளுக்குச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குகை நமசிவாயர் கோயிலில் தங்கியிருந்த கீரைப்பாட்டி மலையில் பறித்த கீரையைக் கடைந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் வீடில்லை. கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு வந்த எச்சம்மாள் பல பத்தாண்டுகள் தினமும் சமைத்து எடுத்துப் போனார்.

ஆசிரமம் வளர்ந்த பிறகு நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் முட்டியபோது பரிமாறுகிறவர் ஒருவர், பரதேசிகள் எல்லாம் வெளியே நில்லுங்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். இலை போட்டாகிவிட்டது, பகவானைக் காணோம். தேடிப் போனால் வெளியே மரத்தடியில் பரதேசிகளோடு உட்கார்ந்திருக்கிறார். பரதேசி வெளியே போ என்றீர்கள், நானும் பரதேசிதானே, வந்துவிட்டேன் என்றாராம். முதல் பந்தி யாருக்கு என்று அதற்கப்புறம் யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள்.

விசிறி சாமியார் கதை என் அப்பா தலைமுறை கண்ணால் பார்த்தது. 1959-இல் வந்த யோகி ராம்சுரத்குமார் ஸ்டேஷன் பக்கம் புன்னை மரத்தடியிலும், தேரடியிலும், பாத்திரக்கடை வாசல்களிலும் பல வருஷம் படுத்துக் கிடந்தார். கையில் கொட்டாங்கச்சியும் பனையோலை விசிறியும். தன்னைப் ‘பிச்சைக்காரன்’ என்றுதான் சொல்லிக்கொள்வார். எழுபதுகளில் அன்பர்கள் சேர்ந்து சன்னதித் தெருவில் அவருக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தார்கள். அதாவது வந்த நாளிலிருந்து கூரை கிடைக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது, அவருக்கே.

*

இப்போது கதை கேட்கிறவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். “அவங்க ஞானிங்க. இப்ப இருக்கறவன்லாம் டூப்ளிகேட்” என்பார்கள். என் கடைக்கு வருகிற பாதிப் பேர் சொல்லும் வசனம் இது.

டூப்ளிகேட்தான் என்று வைத்துக்கொள்வோம். (ஜெராக்ஸ் கடைக்காரனிடம் வந்து இதைச் சொல்கிறார்கள்.) வியாபாரம் நொடித்தவர், பெண்டாட்டி போனபின் மருமகள் வீட்டில் ஒட்டாதவர், குடியில் எல்லாம் போக்கியவர், மனசு பிசகியவர், நிஜமாகவே சிவனே என்று வந்தவர். பாதையில் இவர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பைக்காரரிடம் ஒருமுறை, “எப்ப சாமி காவி கட்டினீங்க?” என்று கேட்டேன். “வந்த மூணாம் நாளு” என்றார். “வெள்ளை வேட்டில இருந்தப்ப ‘ஏய், எந்திரி’ன்னாக. காவி கட்டினதும் ‘சாமி, கொஞ்சம் தள்ளிப் படுங்க’ன்னாக.” இதில் வேஷம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதையாக எழுப்பப்படுவதற்கு ஒரு மனுஷன் கொடுக்கிற விலை ஒரு பாக்கெட் காவிச் சாயம்.

பெண்களுக்கு அந்தச் சலுகையும் அரைகுறைதான். காவி கட்டிய ஆண் தனியாகப் படுக்கலாம். பாட்டிகள் மூன்று நாலு பேராகச் சேர்ந்துதான் படுக்கிறார்கள். அதில் ஒருத்தி உட்கார்ந்தே தூங்குவாள், காவலுக்கு. சாயந்திரத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ராத்திரி எங்கே போவது? வடக்குக் கோபுரத்தை வீடு வீடாகப் போய்த் தண்டிய காசில் கட்டி முடித்தவள் அம்மணியம்மாள் என்ற பெண் சாமியார். கோபுரத்துக்கே அவள் பேர்தான். அவள் பேரைச் சொல்லும் ஊரில் பாட்டிகள் ராத்திரி போக ஒரு பூட்டில்லாத கழிப்பறை வேண்டாமா?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லக் கூடாது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே நாட்டில் வீடில்லாதவர்கள் பதினேழு லட்சத்துக்கு மேல். நம் ஊர் 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் காப்பகம் என்ற பேச்சை எடுத்தபோது கடைக்கு வந்த ஒரு வயசான சாது என்னைக் கேட்டார்: “அங்கேர்ந்து மலை தெரியுமா?” சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததே அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கத்தானே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஹாலில் கட்டில் போட்டுக் கொடுத்தால் அவர் வர மாட்டார்.

அதனால்தான் இது கோயிலும் மடமும் சத்திரமும் செய்ய வேண்டிய வேலை என்கிறேன். கட்டடத்துக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு சத்திரம், சிலதுக்கு இரண்டு. தீபத்துக்குப் பத்து நாள், மாதம் ஒரு பௌர்ணமி, முகூர்த்த நாட்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. போர்டில் சாதிப் பெயர் இருக்கும், தங்குவதற்கு உறுப்பினர் சிபாரிசு வேண்டும். சாதியை விட்டுவிட்டு வந்தவனிடம் எந்தச் சத்திரம் என்று கேட்டால் அவன் எதைச் சொல்வான்? யாத்ரீகருக்குத் திண்ணை வேண்டும் என்று அந்தக் காலத்தில் நிலத்தையும் நகையையும் எழுதிவைத்தவர்கள் உறுப்பினர் அட்டையை நினைத்திருக்க மாட்டார்கள்.

நம் பழைய ஆட்களுக்குச் சோறும் படுக்கையும் ஒன்றாகத்தான் தோன்றியிருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்துவந்து, பார்வையில்லாதவர், நடக்க முடியாதவர், யாருமில்லாதவர், நோயாளிகள் எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் தின்றுவிட்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துக்கொண்டு அம்பலத்தில் தூங்குவான். புகாரில் உலக அறவி என்ற பொது அம்பலம் இப்படிப்பட்டவர்களுக்கே இருந்ததாகச் சாத்தனார் எழுதுகிறார். இன்றைக்கு மண்டபம் இருக்கிறது, முன்னால் கம்பிக் கதவும் இருக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு பையன் போய்ப் படுத்தால் பத்தாவது நிமிஷம் வாட்ச்மேன் எழுப்பிவிடுவார்.

1952-இல் கல்கத்தாவில் அன்னை தெரசா சாகக் கிடப்பவர்களுக்கு இடம் கேட்டபோது மாநகராட்சி கொடுத்தது எதை தெரியுமா? காளிகாட் கோயிலை ஒட்டிய யாத்ரீகர் சத்திரம் ஒன்றை. நிர்மல் ஹிருதய் இன்றும் அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பு இருந்தது, கல்லெறியும் இருந்தது. ஆனாலும் ஒரு சத்திரம் என்ன ஆக முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முக்தி கிடைக்கும் என்று நம் ஊருக்குச் சாகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி மூன்று நாள் படுக்க இடம் இல்லாமல் நடைபாதையில் முக்தி அடைகிறார்கள். பிறகு போலீஸ், பிரேதப் பரிசோதனை, ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 65’.

நம்பிக்கையின் பேரில் கூரை போட்டால் மட்டும் போதுமா? ஏர்வாடியை மறக்க முடியாது. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகிச் செத்தார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று மனுஷன் கணக்குப் பார்க்காமல் விட்டால் அங்கேதான் போய் முடியும். எனவே நான் கேட்பது சின்ன விஷயங்கள். பூட்டாத கதவு, ராத்திரி ஒரு பொறுப்பாளர், வாரம் ஒரு டாக்டர், பெண்களுக்குத் தனி இடம், கழிப்பறை. அப்புறம் சாவியோடு ஒரு அலமாரி வரிசை. பைக்கு.

*

சரி, பைக்கு வருகிறேன்.

“எங்க வீட்ல வச்சுக்கறேன், வாங்க போலாம்” என்று ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே முதல் கேள்வி “சர்க்கரை எவ்வளவு?” என்று இருக்கும் என நினைத்தேன். “கூட யாரு இருக்கப் போறாங்க?” என்பதுதான் முதல் கேள்வி. துணைக்கு ஆள் இல்லாமல் வார்டில் சேர்க்கத் தயங்குகிறார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஃபாரத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். நர்ஸம்மா எட்டிப் பார்த்து, “மகன்னு போடுங்க சார், நேரமாவுது” என்றார். போட்டுவிட்டேன். சாமி தலையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் அம்மா, “யாருது இது? உள்ள என்னா கீது?” என்றார். சொன்னேன். வாங்கி, ஒரு பழைய போர்வையில் சுற்றி, சமையலறைப் பரணில் வைத்தார். பதினோரு நாள் யாரும் தொடவில்லை.

விரலை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் கடை வாசலிலேயே பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஆதார், போன் சார்ஜர், ஒரு பாஸ்புக், திருவாசகம், இன்னொரு வேட்டி, மடித்த ஒரு போட்டோ. போட்டோவை நான் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டது. பையை மூக்கருகே கொண்டுபோய், “எங்கிட்டு வச்சிருந்தீக? பூண்டு வாடை அடிக்குது” என்றார். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: ஆறு வாரத்துக்குப் புண்ணில் தண்ணீர் படக் கூடாது. வெளியே ஐப்பசி போய்க் கார்த்திகை மழை. வீட்டுக்கு வந்து படுங்கள் என்று நான் கூப்பிடவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் கூப்பிடவில்லை. கடை வாசல் தகரத்துக்குக் கீழே பெஞ்சைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது ராத்திரி படுத்தார். பத்தாம் நாள் கட்டடக்காரர் போன் செய்து, “பழக்கிவிடாதீங்க” என்றார். அவரும் வருஷா வருஷம் தீபத்துக்கு நூறு கிலோ அரிசி கொடுக்கிறவர்தான். சாமி பையை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைப் பக்கம் போனதாகக் கேள்வி.

எங்கள் சமுதாயச் சத்திரத்தின் பொதுக்குழு தை மாதம் கூடுகிறது. தீர்மானம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்: புரட்டாசி முதல் மார்கழி வரை கீழ் ஹாலை ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை யார் எவர் என்று கேட்காமல் திறந்துவைப்பது, பின்கட்டுக் கழிப்பறையைப் பெண்களுக்கு விடுவது, இருபது இரும்பு லாக்கர் வாங்குவது. விவாதத்துக்கு எடுக்கப் பதினைந்து உறுப்பினர் கையெழுத்து வேண்டும். இதுவரை ஏழு சேர்ந்திருக்கிறது, அம்மாவுடையதையும் சேர்த்து. இதைப் படிக்கிற உறுப்பினர்கள் கடைக்கு வந்து போட்டுவிட்டுப் போங்கள். வேறு சத்திரத்துக்காரர்கள் வந்தால் தீர்மானத்தின் நகல் தருகிறேன், ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம்.